குரல் போகும் வழி



ரெங்கம் ரயில் நிலையத்தை அறிந்த பெரியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் போட்டு முடிக்கப்பட்டது. அதற்குப் பின் நெடுங்காலம் அது ஒற்றைப் பாதையாகவே இருந்து வந்தது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு வண்டி நிலையத்தின் கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கும். மற்றது நேர்ப்பாதையில் கடந்து போகும். பிறகு ஒதுங்கிய வண்டி மீண்டும் நேர்ப்பாதையில் வந்து சேரும். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்பதை நிலையத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். வண்டிக்குள் இருந்த நமக்கு அவர்கள் முகம்கூடத் தெரியாது. ஆனால் நம் பயணம் அவர்கள் கையில் இருந்தது.

இன்று நாம் பேசப்போவதும் அப்படி ஒரு நிலையத்தைப் பற்றித்தான். அது வண்டிகள் போகும் நிலையம் அன்று. குரல்கள் போகும் நிலையம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் ஓர் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டி முழுவதும் வரிசை வரிசையாகத் திருகுகள். பின்புறம் கொத்துக் கொத்தாக வயர்கள். அதனை ‘மிக்ஸர்’ என்கிறோம். நல்ல தமிழில் ஒலிக்கலவை மேசை எனலாம். பாடுகிறவரின் குரல், தப்பு, நாதசுரம், ஆர்மோனியம் எல்லாம் அதற்குள் நுழைந்து, ஒன்றாகக் கலந்து, ஒலிபெருக்கி வழியே வெளியே வருகின்றன. எந்தக் குரல் எந்த வழியே போக வேண்டும், எதற்கு எதிரொலி சேர வேண்டும், எவ்வளவு சேர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன.

பால் வெட்டியும் செம்பனைக்குலை அறுத்தும் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். இந்த மேசையில் ஒரு வயரை மாற்றிச் செருகியதால் நம் பள்ளியில் ஒரு பாட்டியின் பாட்டு கெட்டுப்போனது. கெடுத்தவர் வேறு யாருமல்லர்; நாமேதான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறோம். கதை விளங்க வேண்டுமானால் முதலில் வரலாறு விளங்க வேண்டும்.

ஒலியை வழி மாற்றி அனுப்பும் கலை பாட்டுக்காகப் பிறந்ததன்று, தொலைபேசிக்காகப் பிறந்தது. 1878ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவிய இணைப்பகங்களில், பலகை நிறையத் துளைகளும் நுனியில் செருகி வைத்த வயர்களும் இருந்தன. ஒருவர் அழைத்தால், இணைப்பகப் பெண்மணி அவர் துளையையும் அவர் பேச விரும்பியவரின் துளையையும் வயரால் இணைப்பார். அந்தச் செருகியின் பருமன் கால் அங்குலம். இன்றும் கித்தார் வாத்தியத்தை மிக்ஸரில் பூட்டுகிற வயரின் நுனியைப் பாருங்கள். அதே கால் அங்குலச் செருகிதான். வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் எழுந்தபோது, தொலைபேசிக்காரர்களின் அந்தப் பலகையையே எடுத்து வைத்துக்கொண்டன.

ஆனால் தொடக்கத்தில் வழி மாற்ற என்ன இருந்தது? இருந்ததே ஒரு மைக்ரோபோன்தான். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்துச் சிறு நிலையங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே மைக்கைச் சூழ்ந்து அமர்வார்கள். மெல்லிய குரல் உடையவர் அருகில் வருவார். உரக்க ஒலிக்கும் வாத்தியம் தள்ளிப் போகும். அதாவது, கலவை செய்தது மேசையன்று. பாய் விரித்து உட்கார்ந்த இடம்தான்.

1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும் படம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அக்காலப் படங்களில் நடிகர் நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் காமிராவின் கண்ணில் படாமல் ஒளிந்து அமர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தவறினாலும் படப்பிடிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டு அவிழ்ந்தது பின்னணிப் பாடல் வந்தபோது. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் நிதின் போஸ் அம்முறையைப் படத்தில் கையாண்டார். தமிழில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் 1938இல் அது வந்தது. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. குரலைத் தனியே பதிந்துவைத்துப் பிறகு படத்தோடு சேர்த்தார்கள். ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு வண்டிகள் முதன்முதலில் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிரிக்கத் தெரிந்தால்தான் வேண்டிய இடத்தில் சேர்க்கவும் முடியும்.

இனி எதிரொலிக்கு வருவோம்.

பத்துமலையில் 272 படிகள் ஏறிக் குகைக்குள் நுழைந்து ‘முருகா’ என்று அழைத்துப் பாருங்கள். குரல் சட்டென்று நிற்பதில்லை. பாறைச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, நீண்டு, மெல்லத் தேய்ந்து மறையும். ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் ஓடும். 17 மீட்டர் தொலைவில் ஒரு பாறை இருந்தால், போக 17, திரும்ப 17, ஆக 34 மீட்டர். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் குரல் திரும்பி வந்துவிடும். அப்படித் தனியாகத் திரும்பி வந்து காதில் விழுவது எதிரொலி. எல்லாத் திசைகளிலிருந்தும் எண்ணற்ற எதிரொலிகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று கலந்து நீண்டால், அது முழக்கம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இம்முழக்கம் வரக்கூடாது என்று சுவரெல்லாம் துணியும் மெத்தையும் போட்டு மூடினார்கள். பேச்சு தெளிவாயிற்று, ஆனால் பாட்டு வறண்டுபோயிற்று. கோயில் மண்டபத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு அது உப்பில்லாக் கஞ்சி போல இருந்தது. ஆகவே, வெளியே தள்ளிய முழக்கத்தையே திரும்பவும், வேண்டிய அளவு மட்டும், உள்ளே கொண்டுவர வழி தேடினார்கள்.

அவர்கள் கண்ட வழி எளியது. ஒரு வெற்று அறை. அதில் ஒரு மூலையில் ஒலிபெருக்கி, மறு மூலையில் மைக். பாடகரின் குரலில் ஒரு பங்கை அந்த ஒலிபெருக்கிக்கு அனுப்புவது. அறை முழங்கும். அந்த முழக்கத்தை மைக் பிடித்துத் திருப்பி அனுப்பும். 1931இல் லண்டன் ஏபி சாலையில் இ.எம்.ஐ. நிறுவனம் திறந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தகைய எதிரொலி அறை இருந்தது. 1947இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர், மூன்று பேர் மௌத் ஆர்கன் வாசித்த ஓர் இசைத்தட்டுக்குக் கட்டடத்தின் குளியலறையையே எதிரொலி அறையாக்கினார். அந்த இசைத்தட்டு அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றது. நம் பிள்ளைகள் குளிக்கும்போது மட்டும் பாட்டு நன்றாக வருகிறதென்று பாடுகிறார்களே, அதே காரணம்தான். வழவழப்பான சுவர் குரலை விழுங்காமல் திருப்பித் தருகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குரல் முழுவதையும் குளியலறைக்குள் அனுப்பிவிட்டால் சொற்கள் விளங்கா. ஆகவே குரல் இரண்டாகப் பிரிய வேண்டும். ஒன்று நேர்ப்பாதையில் போகிறது. அதன் நகல் ஒன்று கிளைப்பாதையில் எதிரொலி அறைக்குப் போய், முழக்கத்தைச் சுமந்துகொண்டு, மீண்டும் நேர்ப்பாதையில் வந்து சேர்கிறது. ரெங்கம் நிலையத்தின் கிளைப்பாதை போலத்தான். ஒரு வேறுபாடு என்னவென்றால், ரயில் வண்டி ஒரே சமயத்தில் இரண்டு பாதையில் போகாது. மின்சாரமாக மாறிய குரல் போகும். இப்படி அனுப்பும் வழி, திரும்பும் வழி என்று தனித்தனியே மேசையில் அமைத்தவர்களுள் முன்னோடி என்று பில் புட்னமை ஒலித்துறையினர் போற்றுகிறார்கள்.

ஒவ்வொரு பாடகருக்கும் ஓர் எதிரொலி அறை கட்ட முடியுமா? முடியாது. அறைக்குப் பதில் இயந்திரம் வந்த பிறகும் நிலைமை அதுவாகவே இருந்தது. 1957இல் மேற்கு செருமனியில் இ.எம்.டி. 140 என்னும் கருவி வந்தது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, குரலால் அதனை அதிரச் செய்து, அந்த அதிர்வைப் பிடிக்கும் கருவி அது. எடை ஏறக்குறைய 270 கிலோ. பெரிய கூடங்களே அவற்றை எண்ணித்தான் வாங்கின. ஆகவே ஒரே கருவியைப் பத்துக் குரல்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு குழாய் இல்லை. பொதுக்குழாயில் ஒரு வீட்டார் இரண்டு வாளி பிடிப்பார்கள். மற்றொரு வீட்டார் ஒரு குடம் பிடிப்பார்கள். ஒலிக்கலவை மேசையிலும் ஒவ்வொரு குரலின் வரிசையிலும் ஒரு சிறு திருகு வைத்தார்கள். பாடகிக்கு அதிகம், புல்லாங்குழலுக்குக் கொஞ்சம், மத்தளத்துக்கு மிகக் கொஞ்சம் என்று, பொதுவான எதிரொலிக்கு அவரவர் பங்கை அத்திருகு அளந்து அனுப்பியது. அதைத்தான் இன்று மைக் செட்காரர்கள் ‘ஆக்ஸ்’ என்கிறார்கள். துணைவழி என்று நாம் சொல்லலாம். ஒரு கருவியைப் பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்த நெருக்கடி இந்த அமைப்பை வளர்த்தது.

துணைவழி கிளம்பும் இடத்தைப் பொறுத்தும் ஒரு வேறுபாடு உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் மேலும் கீழும் நழுவும் ஒரு பிடி இருக்கும். அதற்கு ‘ஃபேடர்’ என்று பெயர். அதுதான் குரலின் மதகு. துணைவழி மதகுக்குப் பின்னால் கிளம்பினால், மதகை இறக்கும்போது எதிரொலியும் கூடவே குறையும். எதிரொலிக்கு இதுவே முறை. மதகுக்கு முன்னால் கிளம்பினால், மதகை முழுதும் மூடினாலும் துணைவழி ஓடிக்கொண்டே இருக்கும். மேடையில் பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக எதிரே வைக்கும் ஒலிபெருக்கிக்கு இது பொருந்தும். சபைக்குப் போகும் அளவு கூடினாலும் குறைந்தாலும் பாடகர் காதுக்கு வருவது மாறாது. எதிரொலியை இப்படி முன்னால் எடுத்தால் ஒரு விந்தை நடக்கும். பேசுகிறவரின் நேர்க்குரலை மெல்ல இறக்க இறக்க, முழக்கம் மட்டும் மிஞ்சும். ஆள் தொலைவில் போவது போலிருக்கும். நாடகங்களில் அசரீரியும் ஆவியும் பேசுவதற்கு இது ஏற்ற வழி.

எல்லாக் கருவிகளையும் துணைவழியில் பூட்டக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குரல் திடீரென்று உயர்ந்தால் அடக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கு நகலை அனுப்பிப் பயனில்லை. அடங்காத மூலக்குரல்தான் நேரே போய்க்கொண்டிருக்குமே! குரல் முழுவதும் அதற்குள் புகுந்து வர வேண்டும். அதற்கென்று நேர்ப்பாதையையே வெட்டி, நடுவில் கருவியை இணைப்பார்கள். இதற்கு இடைச்செருகல் என்று பெயர் வைக்கலாம். கித்தாப் பாலை வடிகட்டியில் ஊற்றும்போது பாதியை மட்டும் ஊற்றுவோமா? முழுவதையும்தானே ஊற்றுகிறோம். கூட்ட வேண்டியதற்குத் துணைவழி; திருத்த வேண்டியதற்கு இடைச்செருகல். பொதுவாக இதுவே விதி.

பால் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. மரத்துக்கு மரம் மங்கு தனித்தனி. மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றுகிறோம். வாளிப் பாலை ஸ்டோரில் தொட்டியில் ஊற்றுகிறோம். மேசையிலும் அப்படியே. ஒவ்வொரு மைக்கும் ஒரு மங்கு. பின்னணி பாடும் நால்வரின் குரலைச் சேர்த்து ஒரு தொகுதி, அது வாளி. எல்லாத் தொகுதியும் சேர்ந்து இறுதியில் வெளியே போவது தொட்டி. மங்கில் இருக்கும்வரை இது இந்த மரத்துப் பால் என்று சொல்லலாம். தொட்டியில் ஊற்றிய பிறகு சொல்ல முடியுமா? நேயர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் திரையிசையில் நெடுங்காலம் எல்லாம் நேரே தொட்டிக்குத்தான் போயிற்று. காரைக்குடியிலிருந்து ஏவி.எம். படக்கூடம் 1948இல் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. சுற்றிலும் மற்றக் கூடங்களும் இருந்தன. அக்காலத்தில் பாடகரும் பாடகியும் வாத்தியக் குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்து பாடி முடிக்க வேண்டும். பதிவாவது ஒரே தடம். யாரோ ஒரு வயலின்காரர் தவறினாலும் பாடியவர் மீண்டும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு எதிரொலி என்பதையும் அந்தக் கணத்திலேயே ஒலிப்பதிவாளர் முடிவு செய்தாக வேண்டும். நாம் இன்றும் கேட்டு மகிழும் அந்தப் பழைய பாடல்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத அந்த மனிதர்களின் கையும் காதும் இருக்கின்றன.

1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ படத்தை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். சுஜாதாவின் கதை, ரஜினிகாந்தும் ஸ்ரீதேவியும் நடித்தது, நமக்கு அண்டை நாடான சிங்கப்பூரில் பல காட்சிகள் எடுக்கப்பட்டன. இளையராஜா இசையமைத்த அதன் பாடல்கள், தமிழ்த் திரையில் முதன்முதலாக ‘ஸ்டீரியோ’ முறையில் பதிவானவை என்ற பெயர் பெற்றவை. ஒரு தொட்டிக்குப் பதில் இடமும் வலமுமாக இரண்டு தொட்டிகள். எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்பதும் மேசையில் முடிவாகும் செய்தியாயிற்று. பிறகு தடங்கள் பெருகின. 1989இல் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. குரலை ஒரு நாள் பதிந்து, எதிரொலியை வேறொரு நாள் சேர்க்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். மங்கில் உள்ள பாலைத் தொட்டியில் ஊற்றாமலே வைத்திருக்கும் வசதி வந்துவிட்டது.

நம் நாட்டு வானொலிக்கும் இதில் பங்குண்டு. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கியது. நம் தமிழ் ஒலிபரப்பு இன்று மின்னல் பண்பலை என்னும் பெயரில் ஒலிக்கிறது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கும்போது பாட்டு மெல்லத் தணிவதும், பேசி முடித்ததும் மீண்டும் எழுவதும் மேசையின் வேலைதான். தொலைபேசியில் அழைக்கும் நேயரிடம், ‘உங்கள் வானொலியின் சத்தத்தைக் குறையுங்கள்’ என்று அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் தெரியுமா? நேயரின் குரல் நிலையத்துக்குப் போய், ஒலிபரப்பாகி, அவர் வீட்டு வானொலி வழியே வெளிவந்து, திரும்பவும் தொலைபேசிக்குள் நுழைகிறது. வட்டமாகச் சுற்றுகிறது. அதனால்தான் நிலையத்திலும், அழைப்பவரின் காதுக்கு அவர் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்புவதற்கென்று மேசையில் தனிவழி ஒன்று வைத்திருப்பார்கள். திருவிழாவில் மைக் ‘கூ’ என்று கூவுவதும் இப்படிப்பட்ட வட்டத்தால்தான். எதிரொலி திரும்பி வரும் வரிசையிலேயே துணைவழித் திருகைத் திறந்துவிட்டாலும் அதே கூச்சல் எழும்.

கருவிகள் நாளடைவில் சுருங்கின. 1974இல் சப்பானின் ரோலண்ட் நிறுவனம் ஒலிநாடாவால் இயங்கும் எதிரொலிப் பெட்டியைக் கொண்டுவந்தது. 1976இல் இ.எம்.டி. 250 என்னும் எண்முறை முழக்கக் கருவி வந்தது. அத்துறையில் அதுவே முதன்மையானது. 270 கிலோ தகடு செய்த வேலையை இன்று சிறு மிக்ஸருக்குள் நகத்தளவுச் சில்லு செய்கிறது. அதனால்தான் தோட்டத்துக் கோயில் மிக்ஸரிலும் எதிரொலிப் பொத்தான் இருக்கிறது. பொத்தான் மலிவானதும் அதனை அழுத்தும் கை பெருகியது. அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ரெங்கம் வட்டாரத்தில் நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் பெற்றோர் தினம் நடந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைப் பாட அழைத்தோம். அவர் தாயார் கப்பலேறி வந்தவர். தாயார் பால் வெட்டும்போது பாடிய பாட்டு ஒன்றைப் பாட்டி மனப்பாடமாக வைத்திருந்தார். எந்த ஊரிலிருந்து கிளம்பினோம், எப்படி வந்தோம், யாரை விட்டுவந்தோம் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. மிக்ஸரை இரவல் வாங்கி வந்திருந்தோம். பாட்டியின் குரல் மெலிந்திருந்ததால், எதிரொலியைத் தாராளமாகத் திருகிவிட்டோம். பதிவுக் கருவியை மேசையின் கடைசி வாயிலில், அதாவது தொட்டியில் செருகினோம். மண்டபமே கைதட்டியது. பாட்டி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாட்டி காலமானார். அவர் பேத்தி நம் மாணவி. குடும்ப வரலாறு எழுதி வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தோம். அந்தப் பிள்ளை வந்து, ‘சார், பாட்டி பாட்டுல எங்க ஊர் பேரு இருக்குமே, போட்டுக் காட்டுங்க’ என்றது. போட்டோம். பலமுறை போட்டோம். ஊரின் பெயர் வரும் இடத்தில் முந்திய சொல்லின் முழக்கம் வந்து படிந்திருந்தது. ஒருமுறை கேட்டால் ‘ஆத்தூர்’ என்கிறது. மறுமுறை கேட்டால் ‘சாத்தூர்’ என்கிறது. ஒன்று சேலத்துப் பக்கம். மற்றது விருதுநகர்ப் பக்கம்.

இதற்குக் காரணம் உண்டு. ‘ஆ’ போன்ற உயிர் ஒலி நீளமானது, வலிமையானது. ‘ச்’ போன்ற மெய் ஒலி கண்ணிமைக்கும் நேரமே நிற்பது, மெலிந்தது. முன்வந்த உயிரின் முழக்கம் நீண்டு, பின்வரும் மெய்யை மூடிவிடுகிறது. கணினி தெரிந்த நண்பரிடம் கொடுத்துப் பார்த்தோம். இப்போது முழக்கத்தை ஓரளவு குறைக்கும் வழிகள் உண்டு. அவர் குறைத்தும் தந்தார். ஆனால் ஐயம் தீரவில்லை. கேட்டுச் சொல்லப் பாட்டியும் இல்லை; அவர் வயதொத்தவரும் அந்த லயத்தில் இல்லை. அந்தப் பிள்ளை தன் கட்டுரையில் இரண்டு ஊர்ப் பெயரையும் எழுதி, நடுவில் ‘அல்லது’ என்று போட்டுக் கொண்டுவந்தது. திருத்துவதற்கு நம்மிடம் சிவப்பு மை இருந்தது; விடை இல்லை.

வேறொரு வழி அப்போதே நம் கையில் இருந்தது என்பதை எண்ணும்போதுதான் மனம் வருந்துகிறது. அந்த மிக்ஸரிலேயே மதகுக்கு முன்னால் கிளம்பும் துணைவழி ஒன்று சும்மா கிடந்தது. பதிவுக் கருவியை அதில் செருகியிருந்தால், பாட்டியின் குரல் எதிரொலி கலவாமல் மங்குப் பாலாகவே பதிந்திருக்கும். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு எதிரொலியோடும் கேட்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவல்லது அந்தப் பெட்டி. வயரை எடுத்து வேறு துளையில் செருகும் வேலைதான்.

அடுத்த ஆண்டு ஒரு தாத்தாவின் பாட்டைப் பதிந்தபோது அவ்வாறே செய்தோம். அவர் சொன்ன ஒவ்வொரு பெயரும் கங்காணியின் பெயர் முதல் மாட்டின் பெயர் வரை தெளிவாக இருக்கிறது. கேட்பதற்குச் சற்று வறட்சியாக இருக்கும். வேண்டுமானால் எதிரொலியை எவரும் எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போய்விட்ட காலம் இது. எழுதிவைக்காத வரலாறு முதியவர்களின் நாவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மிக்ஸரும் மேடையும் தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். சில செய்திகளை மட்டும் கவனியுங்கள். தகரக் கூரைமேல் மழை பெய்யும்போது பதியாதீர்கள். சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடம் வேண்டாம். மெத்தையும் துணிக்கொடியும் இருக்கிற படுக்கையறை நல்லது. தொலைபேசியைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். எதிரொலி சேர்க்கும் எந்த வசதியையும் தொடாதீர்கள். தொடக்கத்தில் பேசுபவரின் பெயரையும் ஊரையும் நாளையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயர் வந்தால், ‘எந்த ஊரு பாட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க’ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நாம் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.